ஆபரேட்டர்ல இருந்து லைன் சூப்பர்வைசர்: கூட நின்னு வேலை பாத்தவங்களுக்கே மேல போகும்போது என்ன பண்ணணும்?

ஒரகடம்_பி_ஷிஃப்ட்

எல்லாருக்கும் வணக்கம். ஒரகடம் சிப்காட்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி, பிரஸ் ஷாப்ல, அதாவது தகட்ட அழுத்தி பார்ட் எடுக்குற இடத்துல, ஆபரேட்டரா இருக்கேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு அப்ரண்டிஸா சேந்து அப்புறம் பர்மனென்ட் ஆனவன், ஏழு வருஷம் சர்வீஸ் முடிஞ்சாச்சு. புரொடக்ஷன் மேனேஜர் தனியா கூப்ட்டு லைன் சூப்பர்வைசரா போட்டு வைக்கலாம்னு இருக்கோம் நீ என்ன சொல்றன்னு கேட்டாரு, யோசிச்சு சொல்றேன் சார்னு வந்துட்டேன்.

இப்ப மாசம் கிராஸ் 20,400, ஓடி (ஓவர்டைம்) சேத்தா 23, 24 ஆயிரம் வரும். புது போஸ்ட்டுக்கு 25,500, ஸ்டாஃப் கேடர், ஓடி கிடையாது. ஏப்ரல் 1ல இருந்து ஆர்டர் போடுவோம்ங்கறாங்க.

பணத்த விட எனக்கு வேற ஒரு யோசனை. லைன்ல பாதி பேரு என் பேட்ச் பசங்க, ஒண்ணா ரூம் எடுத்து தங்கினவங்க. அதுல ரெண்டு அண்ணன்ங்க எனக்கு டை செட்டிங்கே, அதாவது பிரஸ்ல அச்சு மாட்டி சரி பண்றதையே, கத்துக் குடுத்தவங்க, என்ன விட பத்து பதினஞ்சு வயசு மூத்தவங்க. அவங்ககிட்ட போய் இது ரிஜெக்ஷன் இத ரீவொர்க் பண்ணுங்கன்னு எப்படி சொல்றது? இந்த மாதிரி மேல போனவங்க யாராவது இருந்தா விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

ஓசூர்_புரொடக்ஷன்

தம்பி வாழ்த்துக்கள், உங்கள கூப்ட்டு கேட்டுருக்காங்கன்னா வேலை தெரிஞ்சவன்னு நம்பித்தான் கேட்டுருக்காங்க. நான் இருபது வருஷத்துக்கு மேல புரொடக்ஷன்ல இருக்கேன், சூப்பர்வைசர் ஆகி நல்லா வந்தவங்களையும் பாத்துருக்கேன் ஆறு மாசத்துல மறுபடி ஆபரேட்டராவே போயிடுறேன்னு கெஞ்சினவங்களையும் பாத்துருக்கேன். கெஞ்சினவங்கள்ல முக்கால்வாசி பேருக்கு வேலை தெரியாம இல்ல, என்ன அதிகாரம் இருக்குன்னு தெரியாமலே நாற்காலில உக்காந்ததுதான் பிரச்சனை.

அதனால சரின்னு சொல்றதுக்கு முன்னாடி மேனேஜர்கிட்ட நேரா கேளுங்க. பார்ட்ல டிஃபெக்ட் தெரிஞ்சா லைன நிறுத்த எனக்கு உரிமை உண்டா இல்ல உங்களுக்கு போன் போட்டு கேட்டுதான் நிறுத்தணுமா? லீவு சாங்ஷன் என் கையிலயா? ஓடி யாருக்குன்னு யாரு முடிவு பண்றது? மெயின்டெனன்ஸ் ஆள் வரலன்னா நான் யார கேக்குறது? இதுக்கெல்லாம் தெளிவா பதில் வரலன்னா நாளைக்கு புரொடக்ஷன் குறைஞ்சா கேள்வி மட்டும் உங்களுக்கு வரும், முடிவு எடுக்குற இடம் வேற எங்கயோ இருக்கும்.

பெரியவங்ககிட்ட எப்படி சொல்றதுங்கறத பத்தி சாயங்காலம் எழுதுறேன், இப்ப ஷிஃப்ட் டைம்.

சம்பளப்பட்டியல்

நான் பேரோல்ல, சம்பளம் போடுற பிரிவுல, வேலை பாக்குறேன். லீடர்ஷிப் மத்தவங்க சொல்லட்டும், நீங்க போட்ட நம்பர பாத்ததும் எனக்கு கண்ணுல பட்டது வேற.

மொதல்ல ஈஎஸ்ஐ, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள மருத்துவ காப்பீடு. மாச சம்பளம் 21,000 தான் லிமிட், ஓடி அந்த லிமிட்டுக்கு சேராது, அதனால இப்ப 20,400ல நீங்க உள்ள இருக்கீங்க. 25,500 ஆனா வெளிய வந்துடுவீங்க. வீட்ல யாராவது ஈஎஸ்ஐல ட்ரீட்மென்ட் எடுக்குறாங்களா? எடுத்தா ஆர்டர் தேதி ரொம்ப முக்கியம். ஈஎஸ்ஐ காண்ட்ரிபியூஷன் காலம் ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு ரெண்டா ஓடும். காலம் ஆரம்பிச்ச பிறகு நடுவுல சம்பளம் 21,000 தாண்டினா அந்த காலம் முடியற வரைக்கும் பிடித்தம் தொடரும், அதுக்கான மருத்துவ வசதியும் தொடரும். ஏப்ரல் 1லயே தாண்டிட்டா மார்ச் 31ஓட பிடித்தம் நின்னுடும், வசதி அந்த வருஷம் டிசம்பர் வரைக்கும்தான். அதே ஆர்டர் மே 1ன்னு போட்டா செப்டம்பர் வரை பிடிப்பாங்க, வசதி அடுத்த வருஷம் ஜூன் 30 வரைக்கும் இருக்கும். ஒரு மாசம் தள்ளினா ஆறு மாச வைத்தியம் கிடைக்குது, ஹெச்ஆர்ல நிறைய பேர் இத சொல்லவே மாட்டாங்க.

ரெண்டாவது கிராஜுவிட்டி, வேலைய விட்டு போகும்போது சர்வீஸ் வருஷத்துக்கு ஏத்த மாதிரி கம்பெனி தர்ற பணம். சில இடத்துல ஆபரேட்டர்ல இருந்து ஸ்டாஃப் ஆக்கும்போது ஒரு ராஜினாமா லெட்டர் எழுதி வாங்கிட்டு புதுசா அப்பாயின்ட்மென்ட் குடுப்பாங்க, இல்ல குரூப்ல வேற கம்பெனி பேர்ல போடுவாங்க. தயவுசெஞ்சு அதுல மட்டும் கையெழுத்து போடாதீங்க. கிராஜுவிட்டி கணக்கு கடைசியா வாங்குற பேசிக் பிளஸ் டிஏ, அத 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி சர்வீஸ் வருஷத்தால பெருக்குறது. உதாரணத்துக்கு பேசிக் டிஏ 14,000ன்னு வைங்க, ஏழு வருஷத்துக்கு 56,500 சொச்சம். சர்வீஸ் தொடர்ந்தா பின்னாடி சம்பளம் ஏறும்போது இந்த பழைய ஏழு வருஷத்துக்கும் சேத்து ஏறின சம்பளத்துலதான் கணக்கு வரும். ராஜினாமா பண்ணிட்டா பழசு பழைய ரேட்லயே முடிஞ்சு போயிடும், பர்மனென்ட் ஆளுக்கு திரும்ப அஞ்சு வருஷம் முதல்ல இருந்து. ப்ரொமோஷன் லெட்டர்ல சர்வீஸ் தொடர்ச்சி உண்டுன்னு ஒரு வரி இருக்கணும், அந்த ஒரு வரிய கேட்டு வாங்குங்க.

மூணாவது, 25,500 பெருசா தெரியுது ஆனா இப்படி பாருங்க. 20,400ல ஒரு மணி நேரத்துக்கு சுமார் 98 ரூபா, ஓடின்னா டபுள், 196. சூப்பர்வைசர் ஆனா அரை மணி முன்னாடி வரணும் ஒரு மணி நேரம் கழிச்சுதான் போக முடியும், அது எல்லா பிளான்ட்லயும் நடக்குறதுதான். மாசம் 26 நாளுக்கு 39 மணி நேரம். அத ஓடி ரேட்ல போட்டா 7,650 வருது, 20,400ஓட சேத்தா 28,050. அதாவது நீங்க 28,000க்கு செய்யற வேலைய 25,500க்கு ஒத்துக்கறீங்க. இத வச்சு பேசுங்க, கோபமா இல்ல, கணக்கா எழுதி எடுத்துட்டு போய் பேசுங்க.

ஒரகடம்_பி_ஷிஃப்ட்

சம்பளப்பட்டியல் அண்ணா கைய குடுங்க. அப்பாவுக்கு ஹார்ட் ட்ரீட்மென்ட் கே.கே.நகர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிலதான் ஓடுது, மாத்திரை எல்லாம் அங்கதான். இது எனக்கு தோணவே இல்ல, ஏப்ரல் 1க்கு சரின்னு சொல்ற மூட்ல இருந்தேன். ஸ்டாஃப்க்கு மெடிக்ளெய்ம் இருக்குன்னு சொன்னாங்க ஆனா அப்பா அம்மாவுக்கு உண்டான்னு கேக்கல, நாளைக்கே கேக்குறேன்.

சம்பளப்பட்டியல்

கேளுங்க, கேக்கும்போது ஏற்கனவே இருக்குற நோய்க்கு முதல் நாள்ல இருந்தே கவர் உண்டான்னும் சேத்து கேளுங்க. குரூப் பாலிசில பொதுவா குடுப்பாங்க ஆனா பேரன்ட்ஸ சேக்குறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், சில இடத்துல பிரீமியத்த சம்பளத்துல பிடிப்பாங்க. அதையும் 25,500ல கழிச்சு பாருங்க.

செங்கொடி_அம்பத்தூர்

மத்தவங்க மாதிரி வாழ்த்து சொல்ல எனக்கு மனசு வரல தோழர், அதுக்கு காரணம் இருக்கு. ஸ்டாஃப் கேடர் ஆனா நீங்க தொழிலாளிங்கற வரையறைக்கு வெளிய போயிடுவீங்க. மேற்பார்வை வேலை பாத்து சம்பளம் ஒரு அளவுக்கு மேல வாங்கினா அவங்க தொழிலாளி கிடையாது, பழைய தொழில் தகராறு சட்டத்துல அந்த அளவு 10,000, 2025 நவம்பர் 21ல அமலுக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புல 18,000. உங்களுக்கு 25,500. நாளைக்கு வேலைய விட்டு எடுத்தா லேபர் ஆபீஸ் போறதுக்கு வழி ரொம்ப சுருங்கிடும். யூனியன் போடுற சம்பள ஒப்பந்தமும் உங்களுக்கு வராது. இங்க மூணு வருஷத்துக்கு ஒரு தரம் ஆபரேட்டர்க்கு ஒப்பந்தத்துல ஏறும்போது சூப்பர்வைசர் அவங்களுக்கு கீழ சம்பளம் வாங்கிட்டு நின்னத நானே பாத்துருக்கேன்.

ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க, பேர வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, என்ன வேலை செய்யறீங்கங்கறத வச்சுதான் கோர்ட் பாக்கும். சூப்பர்வைசர்னு போர்டு மாட்டிட்டு நாள் முழுக்க மெஷின்லயே நிக்க வச்சா அது வேற. அதனால என்னென்ன வேலைன்னு எழுத்துல வாங்கி வைங்க.

கோவை_ஃபவுண்டரி

செங்கொடி அண்ணன் சொல்றது நியாயந்தானுங்க, அத தெரிஞ்சுகிட்டே ஏத்துக்கறது நல்லது. ஆனா வேண்டாம்னு சொல்ல மாட்டேன். கீழ இருந்து வந்த சூப்பர்வைசர் இருக்குற லைனுக்கும் காலேஜ் முடிச்சு நேரா வந்து நிக்கறவங்க லைனுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க. சூடு தெரிஞ்சவன் இன்னொருத்தன சூட்டுல நிக்க வைக்கறப்ப யோசிப்பான்.

நீங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். அந்த ரெண்டு அண்ணன்மாரும் நோட்டீஸ் போர்டு பாத்து தெரிஞ்சுக்க கூடாதுங்க. ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி நீங்களே தனித்தனியா போயி, ஒண்ணா கூப்ட்டு இல்ல தனித்தனியா, அண்ணே இப்படி கேட்டுருக்காங்க நான் ஒத்துக்கலாம்னு இருக்கேன் உங்களுக்கு எப்படி படுதுன்னு கேளுங்க. அனுமதி கேக்க வேண்டாம், அபிப்பிராயம் கேளுங்க. பதினஞ்சு வருஷம் இருந்து அந்த போஸ்ட் தனக்கு வரலியேன்னு அவங்க மனசுல ஒண்ணு இருக்கும், அது உங்க மேல இருக்குற கோவம் இல்லீங்க. அத பேச விட்டு கேட்டுட்டு வாங்க, பதில் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

அண்ணேன்னு கூப்டறத நிறுத்தாதீங்க. சூப்பர்வைசர் ஆனதும் பேர் சொல்லி கூப்புட்டா மரியாதை வரும்னு யாரோ சொல்லிக் குடுக்கறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்கல. அண்ணே இந்த பார்ட்ல பர் (ஓரத்துல பிசிறு) நிக்குது டை கிளியரன்ஸ் (அச்சு இடைவெளி) ஒருக்கா பாத்துரலாங்களான்னு கேட்டா யாருங்க முகம் சுளிப்பாங்க? ஆனா கேக்கறத மெஷின் பக்கத்துல போயி அவருக்கு மட்டும் கேக்கற மாதிரி கேக்கணும், பத்து பேர் முன்னாடி கூடாது, வாட்சப் குரூப்ல ரிஜெக்ஷன் போட்டோ போட்டு யார் செஞ்சதுன்னு கேக்கறது அதவிட கூடாது. ஒரு வாட்டி அப்படி பண்ணிட்டா அடுத்த ரிஜெக்ஷன உங்க கண்ணுக்கே காட்ட மாட்டாங்க, ஸ்கிராப் டப்பாக்கு அடியில போயிரும்.

அப்புறம் பசங்களோட பழைய வாட்சப் குரூப் ஒண்ணு இருக்குமே, சூப்பர்வைசர திட்டறதுக்குன்னே. அதுல இருந்து சொல்லிட்டு வெளிய வந்துருங்க. அவங்களுக்கு உங்கள பத்தி பேச ஒரு இடம் வேணும்ங்க.

ஒரகடம்_பி_ஷிஃப்ட்

அந்த குரூப் ஆரம்பிச்சதே நான்தான் அண்ணா. சரி, வெளிய வரணும்.

டிப்ளமோ_2019

குரூப்ல இருந்து வெளிய வர்றது எனக்கு சரியா படல. எங்க லைன்ல சூப்பர்வைசர் எங்க கூடவே டீ குடிப்பாரு எல்லா குரூப்லயும் இருப்பாரு, அதனாலதான் யாருக்கு உடம்பு சரியில்ல யாரு வீட்ல பிரச்சனைன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். விலகி நின்னா அப்புறம் மேனேஜ்மென்ட் ஆளுன்னு முத்திரை குத்திடுவாங்க.

கோவை_ஃபவுண்டரி

டீ குடிக்கறது கண்டிப்பா குடிக்கோணும், கல்யாணம் காதுகுத்துக்கு போகோணும், அது வேறங்க. நான் சொன்னது ஒரு விஷயந்தான். ஓடி யாருக்கு, பொங்கலுக்கு லீவு யாருக்குன்னு முடிவு உங்க கைக்கு வந்துருது. ரூம்மேட்டுக்கு ஓடி ரெண்டு நாள் சேத்து விழுந்தா மத்த இருபது பேரும் எண்ணிட்டு இருப்பாங்க. அதனால ஓடி லிஸ்ட், லீவு லிஸ்ட் ரெண்டையும் லைன் போர்டுல எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டிருங்க, போன வருஷம் பொங்கலுக்கு போகாதவங்களுக்கு இந்த வருஷம் முதல் உரிமைன்னு. ஒட்டிட்டா உங்க சிநேகிதனும் உங்ககிட்ட வந்து கேக்க மாட்டான், அவனுக்கும் சங்கடம் இல்ல.

ஓசூர்_புரொடக்ஷன்

காலைல விட்டத தொடர்றேன். கோவை அண்ணன் மனுஷங்கள பத்தி சொல்லிட்டாரு நான் லைன பத்தி சொல்றேன், ரெண்டும் ஒண்ணுதான்.

அமெரிக்கால கலிபோர்னியா ஃப்ரீமான்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் பிளான்ட் ஒண்ணு இருந்துச்சு. ஆளுங்க சரியா வரமாட்டாங்க, குவாலிட்டி மோசம், எப்ப பாத்தாலும் தகராறு, 1982ல மூடிட்டாங்க. 1984ல டொயோட்டாவும் ஜிஎம்மும் சேந்து நம்மின்னு பேர் வச்சு அதே இடத்துல திறந்தாங்க, பழைய ஆளுங்களையே பெரும்பாலும் திரும்ப எடுத்தாங்க, அதே யூனியன். கொஞ்ச நாள்ல குவாலிட்டி ஜப்பான் பிளான்ட்டுக்கு பக்கத்துல வந்துடுச்சு, லீவு போடுறதும் பயங்கரமா குறைஞ்சுது. ஆளு மாறல, ஆள நடத்துன விதம் மாறுச்சு. பிரச்சனைன்னா லைன நிறுத்துற கயிற யார் வேணா இழுக்கலாம், இழுத்தா டீம் லீடர் ஓடி வந்து என்ன உதவி வேணும்னு கேக்கணும், ஏன் இழுத்தன்னு கத்த கூடாது. முன்னாடி அதே பிளான்ட்ல லைன நிறுத்துறது மகா பாவம், கார் தப்பா போனாலும் போகட்டும் கடைசில சரி பண்ணிக்கலாம்னு விட்டாங்க.

நம்ம பிளான்ட்ல எல்லாம் அதுக்கு ஆண்டான் லைட், லைன்ல பிரச்சனைன்னு காட்டுற விளக்கு, மாட்டிருப்பாங்க, சிவப்பு விளக்கு எரிஞ்சா யார் எப்படி போய் நிக்கறாங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு. நீங்க முதல் வாரத்துல சிவப்பு எரிஞ்சதும் போய் என்னண்ணே ஆச்சுன்னு கேட்டு, மெட்டீரியல் இல்லன்னா ஸ்டோருக்கு நீங்களே போன் போட்டு, வந்து சேந்துடுச்சான்னு திரும்ப வந்து பாத்தீங்கன்னா, அத அந்த ரெண்டு அண்ணன்ங்களும் பாத்துட்டுதான் இருப்பாங்க.

மணிக்கொரு தரம் போர்டுல பிளான் எவ்வளவு ஆக்சுவல் எவ்வளவுன்னு எழுதுறீங்க இல்ல, குறைஞ்சா காரணம் எழுதுற கட்டம் இருக்கும், அதுல ஆள் பேர் எழுதாதீங்க. ஆபரேட்டர் ஸ்லோன்னு எழுதினா மேல இருக்கறவங்களுக்கு வேலை முடிஞ்சுது. டை சேஞ்ச் 40 நிமிஷம், காயில் (தகட்டு சுருள்) லேட் 15 நிமிஷம்னு எழுதினா யாராவது ஒருத்தர் அதுக்கு பதில் சொல்லியே ஆகணும். காலை மீட்டிங்லயும் அதே மாதிரி பேசுங்க. உங்க பசங்க பேர அங்க விட்டுக் குடுக்கலன்னு லைனுக்கு அரை மணி நேரத்துல தெரிஞ்சுடும், யார் சொல்லுவாங்கன்னு கேக்காதீங்க, தெரிஞ்சுடும்.

புது ஆளுக்கு வேலை சொல்லிக் குடுக்கறது இன்னொண்ணு. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல அமெரிக்கால அனுபவம் இல்லாதவங்கள வச்சு ஃபேக்டரி ஓட்ட வேண்டி வந்தப்ப டிடபிள்யூஐ (டிரெய்னிங் வித்இன் இண்டஸ்ட்ரி)ன்னு ஒரு பயிற்சி கொண்டு வந்தாங்க, அதுதான் பின்னாடி ஜப்பான் போய் டொயோட்டா வரைக்கும் போச்சு. விஷயம் சிம்பிள். ஆள தயார் பண்ணு, செஞ்சு காட்டி ஏன் அப்படி செய்யணும்னு சொல்லு, அவன செய்ய விட்டு அவன் வாயால சொல்ல வை, அப்புறம் அப்பப்ப போய் பாரு. நம்ம ஊர்ல ரெண்டாவதோட நிறுத்திடுவோம், பாத்துக்கிட்டியான்னு கேப்போம் அவனும் தலைய ஆட்டுவான். டை செட்டிங் தெரிஞ்ச அந்த அண்ணன்ங்கள புது பசங்களுக்கு சொல்லிக் குடுக்குற ஆளா அதிகாரபூர்வமா போட சொல்லுங்க, யாருக்கு என்ன வேலை தெரியும்னு போடுற ஸ்கில் மேட்ரிக்ஸ்ல அவங்க பேரு பயிற்சியாளர்னு வரட்டும், அதுக்கு அலவன்ஸ் உண்டான்னு ஹெச்ஆர்ட்ட நீங்க போராடுங்க.

சேஃப்டி_அக்கா

இவ்ளோ பேசிட்டோம் பிரஸ் ஷாப்ங்கறத யாருமே தொடல. நான் சேஃப்டி ஆபீசர், விரல் போன பசங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிருக்கேன், அதனால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன் தம்பி தப்பா நினைக்காதீங்க.

மாசக் கடைசி, டெஸ்பாட்ச் பிரஷர், மேல இருந்து போன் மேல போன். கை குறுக்க வந்தா பிரஸ்ஸ நிறுத்துற லைட் கர்ட்டன் அடிக்கடி டிரிப் ஆகுது, ரெண்டு கையாலயும் அழுத்த வேண்டிய பட்டன்ல ஒண்ண டேப் ஒட்டி வச்சா ஸ்ட்ரோக் வேகமா போகும்னு யாராவது சொல்லுவாங்க. உங்களுக்கு மேல இருக்கறவங்க அத வாயால சொல்ல மாட்டாங்க, எப்படியாவது முடிங்கன்னு மட்டும்தான் சொல்லுவாங்க. அந்த எப்படியாவதுக்கு அர்த்தம் குடுக்குற ஆளு சூப்பர்வைசர்தான். விபத்து ஆச்சுன்னா டிஷ், அதாவது தொழிலகப் பாதுகாப்பு இயக்கக ஆபீஸ்ல இருந்து வந்து முதல்ல கேக்கறது அந்த ஷிஃப்ட்ல யாரு இன்சார்ஜ், மெஷின் கார்டு (கை உள்ள போகாம தடுக்குற பாதுகாப்பு) ஏன் இல்லன்னுதான்.

நீங்க செய்ய வேண்டியது, கார்டு வேலை செய்யலன்னா மெஷின நிறுத்திட்டு ஷிஃப்ட் லாக் புக்ல டைம் போட்டு எழுதுங்க, மெயின்டெனன்ஸ்க்கும் மேனேஜருக்கும் மெயில்லயோ மெசேஜ்லயோ அப்பவே போடுங்க. டை மாத்தும்போது மெயின் ஆஃப் பண்ணி பூட்டு போட்டு சாவி டைக்குள்ள கை வைக்கற ஆள் பாக்கெட்ல இருக்கணும், மேல் அச்சு கீழ விழாம தாங்குற சேஃப்டி பிளாக் வைக்காம யாரும் உள்ள கை விடக்கூடாது. பழைய ஆளுங்கதான் இதுல பிடிவாதம் பிடிப்பாங்க, இத்தன வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகலன்னு. கோவை அண்ணன் சொன்ன பதமா பேசுறதெல்லாம் மத்த விஷயத்துக்கு. இதுல மட்டும் அண்ணனா இருந்தாலும் மெஷின நிறுத்திட்டுதான் பேச்சு. இத முதல் நாளே எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க, அப்ப யாரோ ஒருத்தர குறி வச்ச மாதிரி இருக்காது.

கோவை_ஃபவுண்டரி

அக்கா சொன்னதுக்கு மறுபேச்சு இல்லீங்க.

டிப்ளமோ_2019

நடுவுல ஒரு டவுட். நான் கோயம்புத்தூர் பக்கம், சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு பி.இ. கேக்குறாங்க, வேலைய விட்டு படிக்க வசதி இல்ல. என்ன பண்ணலாம்?

கோவை_ஃபவுண்டரி

பிஎஸ்ஜி டெக், சிஐடி, ஜிசிடி இங்கெல்லாம் டிப்ளமோ முடிச்சு வேலைல இருக்கறவங்களுக்கு சாயங்காலம் பார்ட் டைம் பி.இ. நடத்தறாங்க, எந்த பிராஞ்ச் இந்த வருஷம் ஓடுதுன்னு நேர்ல போயி கேட்டுருங்க. ஷிஃப்ட் மட்டும் ஒத்து வரோணும், சேர்றதுக்கு முன்னாடியே கம்பெனில ஜெனரல் ஷிஃப்ட் இல்ல ஏ ஷிஃப்ட் போட்டுத் தருவாங்களான்னு எழுதி வாங்கிக்கங்க. அது இல்லாம சேந்து நடுவுல விட்டவங்கதான் ஜாஸ்தி.

ஒரகடம்_பி_ஷிஃப்ட்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நடந்தத சொல்றேன். ஹெச்ஆர்ல போய் எழுதி வச்சிருந்த கணக்க காட்டினேன். சர்வீஸ் தொடர்ச்சி வரி லெட்டர்ல போட ஒத்துக்கிட்டாங்க. மெடிக்ளெய்ம்ல அப்பா அம்மா சேக்கலாம் ஆனா பிரீமியம்ல பாதி நம்ம கட்டணுமாம். மே 1 ஆர்டர் கேட்டதுக்கு முதல்ல புரியல, ஈஎஸ்ஐ தேதிய விளக்கினதும் பேரோல்ல பேசிட்டு சரின்னுட்டாங்க. சம்பளம் 26,500 வரைக்கும் வந்துருக்கு, 28 கேட்டேன் தரல. லைன் நிறுத்துற அதிகாரம் உண்டுன்னு மேனேஜர் வாயால சொன்னாரு, வேலை விவரத்துல எழுதித் தாங்க சார்னு கேட்டுருக்கேன்.

டை செட்டர் அண்ணன்ங்கள்ல ஒருத்தர் நல்லா பேசினாரு, செய்டா நாங்க இருக்கோம்னாரு. இன்னொருத்தர் ரொம்ப நேரம் ஒண்ணுமே சொல்லல, அப்புறம் மூணாம் நம்பர் பிரஸ் கிளட்ச் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்கேன் யாரும் பாக்கல, நீ வந்தா அத பாப்பியான்னு மட்டும் கேட்டாரு. அதத்தான் முதல் வேலையா எடுக்கப் போறேன்.

இன்னொண்ணு கேக்கணும். லைன்ல ஒடிசா, பீகார் பசங்க எட்டு பேர் கான்ட்ராக்ட்ல இருக்காங்க, எனக்கு ஹிந்தி அரைகுறை. அவங்கள எப்படி பாத்துக்கறது?

சேஃப்டி_அக்கா

நல்லவேளை கேட்டீங்க, பெரும்பாலும் யாரும் கேக்க மாட்டாங்க. விபத்துல அவங்கதான் முதல்ல மாட்டுவாங்க, வந்த ரெண்டாம் நாளே பிரஸ்ல நிக்க வைக்கறாங்க, தமிழ்ல ஒட்டின எச்சரிக்கை போர்டு அவங்களுக்கு புரியாது. வேலை விளக்கம் எல்லாத்தையும் போட்டோவா மாத்துங்க, சரியான பார்ட் தப்பான பார்ட் பக்கத்துல பக்கத்துல, கை எங்க வைக்கணும் எங்க வைக்க கூடாதுன்னு. அவங்கள்ல தமிழ் தெரிஞ்ச பையன் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான், அவன் மூலமா ஓசூர் அண்ணன் சொன்ன மாதிரி செஞ்சு காட்ட சொல்லி திரும்ப சொல்ல வைங்க. ருக்கோ (நில்லு), ஹாத் ஹடாவ் (கைய எடு) இந்த ரெண்டும் உங்க லைன்ல எல்லா தமிழ் பசங்களுக்கும் தெரிஞ்சுருக்கணும், அவசரத்துல கத்துறதுக்கு.

சம்பளப்பட்டியல்

என் பங்குக்கு. கான்ட்ராக்டர் சம்பளம் போடலன்னா பிரின்சிபல் எம்ப்ளாயர், அதாவது உங்க கம்பெனிதான் குடுக்கணும்னு சட்டம் இருக்கு. அதனால அந்த எட்டு பேர் அட்டென்டன்ஸ், ஓடி மணி நேரம் ரெண்டும் உங்க ஷிஃப்ட் ரெக்கார்டுல தனியா இருக்கட்டும், கான்ட்ராக்டர் ஆள் எழுதுறத மட்டும் நம்பாதீங்க. மாசம் முடிஞ்சு ஓடி குறைஞ்சு வந்துருக்குன்னு அந்த பசங்க வந்து நின்னா நீங்க எடுத்துக் காட்ட அது ஒண்ணுதான் இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் யூஏஎன் (பி.எஃப்.) நம்பரும் ஈஎஸ்ஐ நம்பரும் போட்டாச்சான்னு முதல் வாரத்துலயே ஹெச்ஆர்ட்ட கேட்டு வாங்கி அவங்க கையிலயே குடுத்துடுங்க.